மொரீஷியஸுக்குத் தனியாக வேலைக்கு வரும் தங்கச்சிக்கு

கரூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 26. பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருடம் இருந்தவர். மொரீஷியஸின் எபேன் என்ற ஊரில் ஒரு கணக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இதுவரை விமானம் ஏறியதில்லை. கோவை, மும்பை, மொரீஷியஸ் என்று தனியாக வர வேண்டும். அம்மாவுக்குத் தூக்கமில்லை. "அங்க நிறையத் தமிழங்க இருக்காங்க, ரூபாய் நோட்டுலகூடத் தமிழ் இருக்குன்னு சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்தி வச்சிருக்கேன். சரிதானே அண்ணா? வேற என்ன தெரிஞ்சுக்கணும்?"

தங்கச்சி, நோட்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. இந்த ஊர் 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகமே ஒரு தமிழர்தான், ரங்கநாதன் சீனிவாசன். 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டுவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தார்கள். ஆனால் அதே நோட்டை நீட்டி "ஒரு தேங்காய் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரருக்குப் புரியாது. கடைப் பலகையில் வீரப்பன் என்றோ ஆறுமுகம் என்றோ இருக்கும், நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் வருவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி. "வணக்கம்" என்பார், நீங்கள் சந்தோஷப்பட்டு மடமடவென்று பேச ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவ்வளவுதான். 'நம்ம ஊர் மாதிரிதான்' என்று நம்பி வந்தவர்கள்தான் இங்கே முதல் மாதத்திலேயே நொந்துபோகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று தயாராகி வாருங்கள். மற்றது மெதுவாகக் கிடைக்கும்.

நான் வந்தது 2009-ல், திருப்பூரிலிருந்து, சாயப்பட்டறை வேலை தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு. என்னை அனுப்பிய ஏஜென்ட், "இந்தியருக்கு அங்கே விசாவே வேண்டாம், போய் இறங்கு, பெர்மிட் பின்னாலேயே வரும்" என்றான். விசா வேண்டாம் என்பது உண்மைதான், சுற்றுலா போவதாக இருந்தால்! வேலைக்கு வருகிறவன் சுற்றுலாப் பயணி என்று சொல்லி இறங்கினால் அன்றைக்கே பொய்யில் கால் வைத்தாயிற்று. ஏழு வாரம் ஒரு அறையில் ஆறு பேரோடு கிடந்தேன். வேலை செய்தால் குற்றம், செய்யாவிட்டால் சோறில்லை. கடைசியில் பெர்மிட் வந்தது என் அதிர்ஷ்டம். கூட இருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் போனார்கள், ஊரில் வட்டிக் கடன் அப்படியே நின்றது. வாசல் திறந்து கிடக்கும் நாடு என்பதாலேயே மொரீஷியஸ் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது சுலபம். அதனால் பயணத்தைப் பற்றிக் கேட்கும் யாருக்கும் முதலில் நான் சொல்வது இதுதான்: அனுமதிக் கடிதம் கையில் வராமல் கோவை விமான நிலைய வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

உங்களைப் போலக் கணக்கு, மென்பொருள் வேலைக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆக்குபேஷன் பெர்மிட். வேலை செய்யும் அனுமதியும் தங்கும் அனுமதியும் சேர்ந்த ஒரே தாள். சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் இது கிடைக்காது. அந்த அளவை அரசு அவ்வப்போது மாற்றும். எனக்குக் கிடைத்தது வொர்க் பெர்மிட், அதற்குத் தங்கும் அனுமதி தனி. எதுவானாலும் விண்ணப்பிக்கும் வேலை முதலாளியுடையது. ரத்தம், மார்பு எக்ஸ்ரே என்று மருத்துவச் சோதனையும் உண்டு. பெர்மிட் அந்த ஒரு நிறுவனத்துக்குத்தான். வேலை பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கட்டடத்துக்கு மாறுவதென்றால் எல்லாம் முதலிலிருந்து. நடுவில் ஏஜென்ட் யாராவது இருந்தால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

ஒப்பந்தத்தில் 'ரூபாய்' என்று மட்டும் இருந்தால் எந்த ரூபாய் என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். இங்கும் ரூபாய், அங்கும் ரூபாய், ஆனால் இங்கத்திய ரூபாய்க்கு மதிப்பு கூட. ஃபோனில் பேசிய ஒரு தொகையை நம்பி வந்து, சம்பள நாளில் முழித்தவர்களை எனக்குத் தெரியும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, டிக்கெட் யார் செலவு, திரும்பும் டிக்கெட் உண்டா, வீட்டு வாடகையைப் பிடிப்பார்களா, தகுதிகாண் காலத்தில் அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஒரு மாதச் சம்பளம் போனஸாகத் தருவது இங்கே சட்டம். அதைத் தனிச் சலுகை போல யாராவது சொன்னால் மயங்காதீர்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்று ஒரு இடம் இருக்கிறது, யுனெஸ்கோ 2006-ல் பாரம்பரியச் சின்னமாக்கியது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் ஏறிய கல்படிகள் அப்படியே இருக்கின்றன. ஐந்து வருட ஒப்பந்தத்தில், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்து வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். உங்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம். ஒப்பந்தத்தை ஒரு வவுச்சர் போலப் பாருங்கள், போதும்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் உங்கள் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா? நம் ஆட்கள் பாதிப்பேருக்கு அப்படித்தான் இருக்கும், இனிஷியல் மட்டும் போட்டு வளர்ந்த பிள்ளைகள். அதை இப்போதே சரி செய்து, டிக்கெட், பட்டச் சான்றிதழ், பெர்மிட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் குடும்பப்பெயராகப் போகும். இங்கே எல்லோரையும் குடும்பப்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். முதல் நாள் ஆபீஸில் "மிஸ் பழனிசாமி" என்று யாரோ கூப்பிட, அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பீர்கள். என்னை இந்த ஊரில் 15 வருடத்துக்கு மேலாக என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி விமானம். கோவை–மும்பை, மும்பை–மொரீஷியஸ் இரண்டும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும். நிறுவனம் எடுத்துத் தந்தாலும் இதை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் மும்பையில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிட்டது உங்கள் பாடு. அப்படித் தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் ஏற்றுவார்கள், வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோ இருந்தாலும் அது கோவையில் செல்லாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கவுன்டரில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா கொடுத்த மாவடு ஜாடியை எடுப்பதா, வேலைக்கான பூட்ஸை எடுப்பதா என்று விழித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டேன், செருப்பைக் குப்பையில் போட்டேன். மாவடு வந்து சேர்ந்தது.

மும்பையில் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும். உங்கள் கோவை விமானம் முதலாம் முனையத்தில் இறங்கினால் அது சில கிலோமீட்டர் தள்ளி வேறு கட்டடம், பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். எந்த முனையம் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நல்லதுதான், இரண்டு மணி நேரம் இருந்திருந்தால்தான் கவலை. குடியேற்ற வரிசையில் அதிகாரி என்ன வேலை, எங்கே என்று கேட்பார். அனுமதிக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஃபோனில் இருக்கிறது என்று சொல்லும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்திருக்கும். அங்கிருந்து ஆறு மணி நேரச் சொச்சம் பறக்க வேண்டும். விமானத்தில் காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். கழிவறைக் கதவின் நடுவில் அழுத்தினால் மடிந்து திறக்கும். இதைக் கேட்க வெட்கப்பட்டு நான் பாதி வழி அடக்கிக்கொண்டு வந்தவன், அதனால் சொல்கிறேன்.

பெட்டியில் அம்மா என்ன வைப்பார் என்று தெரியும். பொடி, வடகம், ஊறுகாய் எல்லாம் நன்றாக அடைத்து, மேலே ஆங்கிலத்தில் பெயர் எழுதி வையுங்கள். கறிவேப்பிலை, முருங்கை விதை, துளசிச் செடி, பழம் எதுவும் கூடாது. செடிகொடிக்கு இங்கே முன்அனுமதி வேண்டும். கரும்பு நம்பி வாழ்ந்த தீவு, கரும்புத் துண்டு கொண்டுவரவே தடை. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கும் முன்அனுமதி தேவையா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். மற்ற மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். போதைப்பொருள் சட்டம் இங்கே பயங்கரக் கடுமை. "என் தம்பி அங்கே இருக்கான், இந்தப் பார்சலைக் கொடுத்திடும்மா" என்று யார் வந்து நின்றாலும் வாங்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. மின்செருகி நம் ஊர் மாதிரி இல்லை, மூன்று செவ்வகக் கால் உள்ள ஆங்கிலேய வகை. கோவையில் நூறு ரூபாய்க்கு ஒரு அடாப்டர் கிடைக்கும்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் ப்ளேசான்ஸில் இருக்கிறது, எபேன் சாலை வழியே முக்கால் மணி நேரம். நிறுவனம் வண்டி அனுப்புகிறதா, ஓட்டுநர் எண் என்ன என்று முந்தின நாளே வாங்கி, தாளில் எழுதி வையுங்கள். இறங்கிய சில நாளில் சுகாதாரத் துறை ஆள் யாராவது வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் பதறாதீர்கள். மலேரியாவை ஒருமுறை ஒழித்து, அது திரும்ப வந்ததும் மறுபடி ஒழித்த தீவு இது. நம் நாட்டிலிருந்து வருபவர்களைத் தேடி வந்து சோதிப்பார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும், 'பத்திரமா வச்சுக்கிறோம்' என்று சொல்லும் முதலாளியிடமும் கொடுக்காதீர்கள். பணத்துக்கு, 2024 பிப்ரவரியிலிருந்து நம் யூபிஐ இங்கே வேலை செய்கிறது, அதற்கான க்யூஆர் வைத்திருக்கும் கடைகளில். ஆனால் வங்கி ஓடிபி வர இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். குறைந்த கட்டண ரோமிங் போட்டு அதை ஓரமாக வைத்திருங்கள்.

வீடு எபேனிலேயே தேட வேண்டாம், வாடகை கூட. ரோஸ் ஹில், கத்ர் போர்ன் பக்கம் பாருங்கள். மெட்ரோ ரயிலில் 2023-லிருந்து ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ஒரு கிளை ஓடுகிறது, பத்து நிமிட வேலை. இரவு ஏழெட்டு மணிக்கு மேல் பேருந்து அரிது, தெரு காலியாகிவிடும். ஊர் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆளில்லாத தெருவில் தனியாக நடக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் கணக்கு பார்க்கும் நிறுவனமாக இருந்தால் வேலை முடிய நேரமாகலாம். வீடு சேர்க்கக் கம்பெனி வண்டி உண்டா என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை போகும், மூன்றாம் எண் ஏறினால் ஆபீஸ், பேருந்து எல்லாம் நிற்கும். ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். மாதங்கள் தலைகீழ்: தையில் கொளுத்தும், ஆடியில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும்.

மொழிக்கு வருவோம். ஆபீஸில் ஆங்கிலம் எழுதுவார்கள், பிரெஞ்சில் மின்னஞ்சல் வரும், தேநீர் நேரத்தில் எல்லாம் கிரியோல். கிளம்புவதற்கு முன் பத்து வார்த்தை பழகுங்கள். "கி மான்யேர்?" என்றால் எப்படி இருக்கீங்க, "கோரெக்" என்றால் நல்லாருக்கேன், "கொமியே?" என்றால் எவ்வளவு, "மோ பா கொம்ப்ரான்" என்றால் புரியலை. கடைசி வார்த்தைதான் முதல் ஆறு மாதம் சோறு போடும்.

நான் வந்த இரண்டாவது மாதம், கத்ர் போர்ன் சந்தைக்கு ஒரு சனிக்கிழமை போனேன். புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி. ஒரு வயதான அம்மா கீரை விற்றுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கறிவேப்பிலை கேட்டேன், புரியவில்லை. கையால் கிள்ளித் தாளிக்கிற மாதிரி காட்டினேன். "ஆ, காரிபூலே!" என்று ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்துக் கட்டைக் காட்டினேன்: "கொத்துமிலி." அதற்கடுத்தது: "ப்ரெத் மூரூம்." ப்ரெத் என்றால் கீரை, மூரூம் நம் முருங்கை. பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டினேன்: "பிபங்காய்." ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அந்த அம்மாவும் விளையாட்டு போலச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் நின்ற ஒரு பெண் காசை நீட்டி அவசரப்படுத்தியதும்தான் நிறுத்தினோம். அவருக்குத் தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. பேச்சு மொழி போய்விட்டது, ரசப் பாத்திரத்துக்கு வேண்டியது மட்டும் தங்கியிருக்கிறது. ரசத்துக்கும் 'ராசோன்' என்றுதான் பெயர்.

இன்னொன்று. "நீங்க இந்துவா?" என்று கேட்டால் இங்கே அதற்கு அர்த்தம் வேறு. இந்து என்றால் பெரும்பாலும் இந்தி, போஜ்புரி வழி வந்தவர்கள். தமிழர் தங்களைத் தனியாகத் 'தமிழ்' என்றே சொல்வார்கள், மதம் கேட்டாலும் அதுதான் பதில். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது, இப்போது நானும் அப்படியே சொல்கிறேன். தைப்பூசம் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருப்பார்கள், அதைப் பிரெஞ்சிலிருந்து வந்த 'காரேம்' என்ற சொல்லால் குறிப்பார்கள். கோர் தெ கார்த் மலைக் கோயிலை நோக்கிக் காவடி போகும்போது வெறுங்காலுக்குக் கீழே தார் கொதிக்கும். பிறகு வாழையிலையில் ஏழு கறி வைத்துச் சாப்பாடு, யார் போனாலும் போடுவார்கள். தனியாக வந்திருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த வாரம் வீட்டுக்கே கூப்பிடுவார்கள். எனக்கு இந்த ஊரில் முதல் சொந்தம் அப்படி ஒரு பந்தியில்தான் கிடைத்தது. உங்களுக்கு வேறு எங்காவது கிடைக்கலாம், பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியான தால்பூரி விற்கும் வண்டி முன்னாலோ மெட்ரோவிலோ. தால்பூரி எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள், ஒன்று மட்டும் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அம்மாவிடம் "அங்கே எல்லாரும் தமிழ்" என்று சொன்னதை மாற்றிச் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் இன்னும் பயப்படுவார். இங்கே மணி எட்டு என்றால் கரூரில் ஒன்பதரை. ஆபீஸ் முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டுக் கூப்பிட நினைத்தால் அம்மா தூங்கியிருப்பார், இல்லை தூங்காமல் காத்திருப்பார். வந்ததும் முதல் வேலையாக மெட்ரோவில் வரும்போதே பேசுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு கொஞ்சம் கஷ்டம். கடைகள் மதியத்தோடு சாத்தும், ஊரே குடும்பம் குடும்பமாகப் பிரியாணிப் பாத்திரத்தோடு கடற்கரைக்குப் போகும். அந்த ஞாயிறுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், துணி துவைப்பது, அலமாரியில் தாள் விரிப்பது, ஏதாவது. நான் வந்த புதிதில் ஊருக்குப் பேசக் காலிங் கார்டுதான். அழுகை முட்டினால் "கார்டு தீரப் போகுதும்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அம்மா கேட்டார், "ஏண்டா, அந்தக் கார்டெல்லாம் ஞாயித்துக்கெழமை மட்டும்தான் தீருமா?"